பவியா விழுந்த பிறகு: பெனவெந்தோவின் இரண்டாம் அரேக்கிஸ்

774 ஜூனில், இத்தாலியின் பெரும்பகுதியை ஆண்ட ஜெர்மானிய இனமான லொம்பார்டுகளின் தலைநகர் பவியா, பிராங்க் மன்னர் சார்லமேனிடம் சரணடைந்தது. முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கிய முற்றுகை அது. லொம்பார்டு மன்னர் தெசிதேரியஸைப் பிடித்து ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். அவர் மகன் அதெல்கிஸ் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தப்பி ஓடினார். அதன்பின் சார்லமேன் தன்னை 'பிராங்குகளுக்கும் லொம்பார்டுகளுக்கும் மன்னர்' என்று ஆவணங்களில் எழுதிக்கொண்டார். ஐரோப்பிய வரலாற்றுச் சுருக்கங்களில் லொம்பார்டு அத்தியாயம் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும். ஆனால் லொம்பார்டுகள் வைத்திருந்த இத்தாலியின் தென்பாதி அப்போது யார் கைக்கும் போகவில்லை.

மன்னர் போன பிறகு, அவருக்குக் கீழ் பகுதிகளை ஆண்ட பெரிய டியூக்குகள் மூன்று வழிகளில் பிரிந்தார்கள். வடகிழக்கில் பிரியூலியின் ரோட்கவுத் 776இல் கலகம் செய்து உயிரை விட்டார். நடு இத்தாலியில் ஸ்போலெத்தோவின் ஹில்டெபிராந்த் முதலில் போப்பின் பக்கம் சாய்ந்தார், பிறகு சார்லமேனை ஏற்றுக்கொண்டு பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். தெற்கில் பெனவெந்தோவின் அரேக்கிஸ் கலகமும் செய்யவில்லை, பணியவும் இல்லை. 'டியூக்' என்ற பட்டத்தை விட்டுவிட்டு 'லொம்பார்டு இனத்தின் பிரின்செப்ஸ்', அதாவது ஆளும் தலைவர் என்று தன்னை அழைத்துக்கொண்டார். டியூக் என்றால் மேலே ஒரு மன்னர் இருந்தாக வேண்டும். பிரின்செப்ஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'ரெக்ஸ்', அதாவது மன்னர் என்ற சொல்லைத் தொட்டிருந்தால் அது சார்லமேனின் புதிய பட்டத்தை நேருக்கு நேர் மறுப்பதாகியிருக்கும், படையெடுத்து வரக் காரணமும் கிடைத்திருக்கும். அந்தச் சொல்லை அவர் தவிர்த்ததில் ஆசைக் குறைவு எதுவும் தெரியவில்லை, கணக்குத்தான் தெரிகிறது.

பட்டத்தை மாற்றிக்கொள்வது எளிது. அது நிலைக்க வேண்டுமென்றால் அதைத் தாங்கும் ஏற்பாடுகள் தேவை. அரேக்கிஸுக்கு அவற்றில் பாதி 774க்கு முன்பே கைவசம் இருந்தன.

மாமனார் வைத்த ஆள்

பெனவெந்தோ டச்சி, அதாவது டியூக் ஆளும் பகுதி, ஏறத்தாழ 570இலிருந்தே இருந்தது. பவியாவிலிருந்து தூரம் அதிகம். நடுவில் ரோமும் போப்பின் நிலங்களும் குறுக்கே கிடந்தன. அதனால் அதன் டியூக்குகள் மன்னரைப் பெயரளவில் மதித்து, தம் போக்கில் ஆண்டு பழகியவர்கள். 750களின் கடைசியில் அங்கிருந்த டியூக் லியுத்பிராந்த், தெசிதேரியஸை விட்டு பிராங்குகளின் பக்கம் சாயப் பார்த்தார். 758இல் தெசிதேரியஸ் படையோடு தெற்கே வந்தார். லியுத்பிராந்த் ஒத்ராந்தோவுக்கு ஓடினார். காலியான இடத்தில் அரேக்கிஸ் அமர்த்தப்பட்டார். தெசிதேரியஸின் மகள் அதெல்பெர்காவையும் மணந்துகொண்டார்.

இந்தத் திருமணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தெசிதேரியஸ் மகள்களைக் கொண்டு ஒரு வலையே பின்னியிருந்தார். ஒரு மகள் பவேரியாவின் டியூக் மூன்றாம் தாசிலோவுக்கு, இன்னொருத்தி சார்லமேனுக்கே. சார்லமேன் அந்தப் பெண்ணை ஓராண்டு அளவில் திருப்பி அனுப்பினார். இரு அரசுகளுக்கும் இடையே பகை முற்ற அதுவும் ஒரு காரணம். 774க்குப் பிறகு அந்த வலையில் மிஞ்சியவர்கள் தாசிலோவும் அரேக்கிஸும்தான். சகலைகள் இருவரும் 787இல் ஒரே ஆண்டில் சார்லமேனின் படையை எதிர்கொண்டார்கள். தாசிலோ அடுத்த ஆண்டே பதவியை இழந்து மடத்துக்குப் போனார். பெனவெந்தோவோ அரேக்கிஸின் குடும்பத்திலேயே தொடர்ந்தது. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கு விடை அவர் முப்பது ஆண்டுகளில் கட்டியெழுப்பியவற்றில் இருக்கிறது.

அதெல்பெர்கா பேருக்கு வந்த ராணி அல்ல. அவருக்குப் பாடம் சொன்னவர் அந்தக் காலத்தின் தலைசிறந்த லத்தீன் எழுத்தாளரான திருத்தொண்டர் பவுல். எவுத்ரோப்பியஸ் பத்துப் பாகங்களில் எழுதிய ரோம வரலாற்றை அவர் அதெல்பெர்காவுக்குப் படிக்கக் கொடுத்தார். அது மிகச் சுருக்கமாக இருக்கிறது, கிறிஸ்தவ வரலாறு ஒன்றுமே இல்லை என்று அதெல்பெர்கா குறை சொன்னார். பவுல் அதை விரித்து, மேலும் ஆறு பாகங்களைச் சேர்த்து ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் காலம் வரை கொண்டுவந்து அவருக்கே காணிக்கையாக்கினார். ரோமப் பேரரசை முன்மாதிரியாக வைத்துப் படித்த அரசவை அது. பின்னால் வந்த பட்டமும் நாணயமும் மாளிகையும் திடீரென்று முளைத்தவை அல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி.

கோயிலும் எலும்புகளும்

பெனவெந்தோவில் அரேக்கிஸ் எழுப்பிய புனித சோஃபியா ஆலயம் இன்றும் நிற்கிறது. 2011 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், லொம்பார்டு தடங்கள் உள்ள ஏழு இடங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அளவில் சிறியது, குறுக்களவு சுமார் 23 மீட்டர்தான். நடுவில் ஆறு தூண்கள் அறுகோணமாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வெளி வளையத்தில் எட்டுச் சதுரத் தூண்களும் இரண்டு உருளைத் தூண்களும் பத்துக்கோணமாக அமைந்திருக்கின்றன. அதற்கும் வெளியே சுவர் வட்டமாகப் போகாமல், ஒரு பகுதியில் நட்சத்திரத்தின் முனைகளைப் போல் உள்ளும் புறமுமாக மடிகிறது. உள்ளே நின்று பார்க்கும்போது தூண்களின் கோணங்கள் இடத்துக்கு இடம் மாறுவதால் கட்டடம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். சக்கரியா, மங்கள வார்த்தை, மரியாள் எலிசபெத்தைச் சந்தித்தல் ஆகிய காட்சிகளின் சுவரோவியத் துண்டுகள் பக்கவாட்டு அரைவட்ட மாடங்களில் எஞ்சியுள்ளன. 1688, 1702 நிலநடுக்கங்களுக்குப் பிறகு பரோக் பாணியில் மாற்றிக் கட்டியதில் பழைய உருவம் மறைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில்தான் அந்தப் பூச்சைக் களைந்து பழைய அமைப்பை மீட்டார்கள்.

பெயரைக் கவனிக்க வேண்டும். கான்ஸ்டான்டிநோபிளில் ஜஸ்டினியன் கட்டிய பேராலயத்தின் பெயர் அது. 760இல் பன்னிரு சகோதர மறைசாட்சிகளின் எலும்புகளும், 768இல் புனித மெர்க்கூரியஸின் எலும்புகளும் இங்கே கொண்டுவரப்பட்டன. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். இதில் ஆட்சி நுட்பமும் உண்டு. பன்னிருவரின் எலும்புகள் டச்சியின் வெவ்வேறு ஊர்களில் கிடந்தவை. அவற்றைத் தலைநகரில் ஒரே பலிபீடத்தின் கீழ் வைத்ததும் சிதறிக் கிடந்த ஊர்களுக்கு ஒரு பொது வழிபாட்டு மையம் கிடைத்தது. ஆலயத்தோடு ஒரு பெண்கள் மடமும் அமைந்தது. அதை மான்டே கசீனோ மடத்தின் பொறுப்பில் விட்டார். 774 நவம்பரில், அதாவது பவியா விழுந்து ஐந்தே மாதத்தில், இந்த ஆலயத்துக்கு நிலம், காடு, குடியானவர்கள், சிறு கோயில்கள் என்று வரிசையாகத் தானப் பட்டயங்கள் எழுதப்பட்டன. தானம் கொடுப்பவர் யார், எந்தப் பட்டத்தோடு கொடுக்கிறார் என்பதை ஒவ்வொரு பட்டயமும் சொல்லும். மடம் தன் சொத்தைக் காக்க அந்தப் பட்டயத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தும். புதிய பட்டத்தைப் பதிவு செய்து வைக்க இதைவிட மலிவான, உறுதியான வழி அன்று இல்லை.

சட்டம், நாணயம்

லொம்பார்டுகளிடையே சட்டம் இயற்றுவது மன்னரின் உரிமை. 643இல் ரோத்தாரி முதன்முதலில் எழுதிவைத்தார். லியுத்பிராந்த் (ஒத்ராந்தோவுக்கு ஓடிய டியூக் அல்ல, அதே பெயருள்ள மன்னர்), அயிஸ்துல்ஃப் போன்ற பின்வந்த மன்னர்கள் அதில் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அரேக்கிஸ் அதே வரிசையில் தன் 17 பிரிவுகளைச் சேர்த்தார். உள்ளடக்கம் பெரிய புரட்சி இல்லை. ஒரு பிரிவு மட்டும் தனிச் சுவையுள்ளது: கணவன் இறந்ததும் மடத்தில் சேராமல் வீட்டிலேயே துறவு முக்காட்டைப் போட்டுக்கொண்டு, மறுமண வற்புறுத்தலிலிருந்து தப்பி, பிறகு குளியல் மண்டபம், விருந்து என்று அலங்காரத்தோடு திரிகிற விதவைகளைப் பற்றியது. அப்படிப்பட்டவர்களை மடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்கிறது சட்டம். பெண்ணின் சொத்து யார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற கவலைதான் அந்த ஒழுக்கப் பேச்சுக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் அரசியல் கோணத்தில் பார்த்தால், பிரிவுகள் என்ன சொல்கின்றன என்பதைவிட அவற்றை ஒரு டியூக்காக இருந்தவர் இயற்றினார் என்பதே பெரிய செய்தி.

நாணயத்திலும் இதே கதை. பெனவெந்தோ அச்சுச்சாலை நெடுங்காலமாகக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசரின் உருவத்தைப் போட்டு, ஓரத்தில் டியூக்கின் பெயருக்குரிய ஓரெழுத்தை மட்டும் பொறித்துத் தங்கக் காசு அடித்துவந்தது. முழுக் காசு சாலிடஸ். அதில் மூன்றில் ஒரு பங்கு ட்ரெமிசிஸ். பிரின்செப்ஸ் ஆன பிறகு முகப்பின் அமைப்பை அரேக்கிஸ் பெரிதாக மாற்றவில்லை. கையில் சிலுவை உருண்டையோடு நேரே பார்க்கும் மார்பளவு உருவம் அப்படியே இருந்தது. பேரரசரின் பெயர் போய், எழுத்துவரிசையில் 'பிரின்செப்ஸ்' ஏறியது. உருவத்தையும் மாற்றியிருந்தால் நேப்பிள்ஸ் சந்தையில் வியாபாரி காசைத் திருப்பிப் பார்த்து யோசித்திருப்பான். பழகிய தோற்றம், புதிய உரிமை கோரல் என்ற இந்தக் கலவை வேலை செய்தது. வடக்கில் சார்லமேன் 780களின் தொடக்கத்திலேயே தங்கத்தை விட்டு வெள்ளி தெனாரியஸுக்கு மாறினார். தெற்கிலோ தங்கம் தொடர்ந்தது. பைசாந்திய வியாபாரத்தோடு ஒட்டியிருந்த பகுதிக்கு அதுதான் பொருந்தும். இதிலும் ஒரு குறை உண்டு: புதிய தங்க வரத்து போதாததால், பின்வந்த ஆட்சிகளில் பெனவெந்தோ காசின் தங்கத் தரம் படிப்படியாக இறங்கியது.

முடிசூட்டு விழா பற்றி ஒரு எச்சரிக்கை. ஆயர்கள் அரேக்கிஸுக்கு எண்ணெய் பூசி முடிசூட்டினார்கள் என்று சொல்பவர் மான்டே கசீனோவின் லியோ. அவர் எழுதியது 300 ஆண்டுகள் கழித்து. சார்லமேனுக்கும் அரேக்கிஸுக்கும் இடையே நடந்ததாகச் சொல்லப்படும் அருமையான உரையாடல்களும் பத்தாம் நூற்றாண்டு சலேர்னோ வரலாற்றேட்டிலிருந்து வருபவை. படிக்கச் சுவையானவை, ஆதாரமாகக் கொள்ள முடியாதவை. மறுபக்கம் பிராங்க் அரசவையின் ஆண்டுக்குறிப்புகள் கடைசி வரை அவரை 'டியூக்' என்றே எழுதின. காசையும் பட்டயத்தையும் இத்தனை நம்ப வேண்டியிருப்பது இதனால்தான்.

ஏன் சலேர்னோ?

பெனவெந்தோ நகரம் கலோரே, சபாத்தோ ஆறுகள் கூடும் இடத்தில், ரோமானியர்களின் அப்பியன் சாலையும் திராயன் சாலையும் பிரியும் சந்தியில் இருக்கிறது. ஆட்சிக்கு வசதியான இடம். முற்றுகை வந்தால் அதுவே பாதகம். எல்லாச் சாலைகளும் வந்து சேரும் ஊரின் எல்லா வழிகளையும் எதிரியால் அடைக்கவும் முடியும். பவியா எப்படி விழுந்தது என்று அரேக்கிஸுக்குத் தெரியும். பிராங்குகள் மதிலை உடைக்கவில்லை. உணவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

தெற்கே கடலோரத்தில் இருந்த சலேர்னோவை அவர் மதில் எழுப்பிப் பலப்படுத்தியதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் மலை, முன்னால் திர்ரேனியக் கடல். கப்பற்படை இல்லாத எதிரி அந்த ஊரைப் பட்டினி போட முடியாது. அந்தக் கடலில் சார்லமேனுக்குக் கப்பற்படை இல்லை. நிலைமை கைமீறினால் பைசாந்தியத்தின் சிசிலி கடல்வழியே எட்டும் தூரம். அங்கே கட்டிய மாளிகையின் சிற்றாலயம் இன்று 'சான் பியெத்ரோ அ கோர்த்தே' எனப்படுகிறது. அடியில் ரோமானியக் குளியல் கூடம். அதன் உறுதியான சுவர்களையே அடித்தளமாக வைத்து மேலே எழுப்பினார்கள். தரையிலும் சுவரிலும் பல நிறச் சலவைக்கல் துண்டுகள் பதித்த வேலைப்பாடு. ஆலயத்துக்கான செய்யுள் கல்வெட்டைப் பவுல் எழுதினார். அதன் சில துண்டுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

அண்டை வீட்டார் விஷயத்தில் அரேக்கிஸ் இரண்டு வழிகளையும் வைத்துக்கொண்டார். கப்புவாவுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே உள்ள லிபூரியா சமவெளியில் லொம்பார்டுகளுக்கும் நேப்பிள்ஸ்காரர்களுக்கும் சேர்ந்து பங்குள்ள நிலங்கள் இருந்தன. அவற்றில் உழுத குடியானவர்கள் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், வழக்கு வந்தால் யார் தீர்ப்பது என்பதை அவர் நேப்பிள்ஸோடு ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார். வாளால் பிரிக்க முடியாத சொத்தைப் பத்திரத்தால் பிரித்த வேலை இது. அமல்ஃபி விஷயத்தில் மட்டும் படையை அனுப்பினார். நேப்பிள்ஸ் அமல்ஃபிக்கு உதவிக்கு வந்ததால் அது பலிக்கவில்லை.

787

அரேக்கிஸைப் பற்றிச் சார்லமேனிடம் ஓயாமல் புகார் சொல்லிக்கொண்டிருந்தவர் போப் முதலாம் ஹாட்ரியன். தென் எல்லையில் பலமான லொம்பார்டு ஆட்சி இருப்பது ரோமுக்கு ஆபத்து. கூடவே கப்புவா, தெயானோ, அக்வினோ, அர்ப்பினோ போன்ற ஊர்கள் தனக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. 786 கடைசியில் சார்லமேன் இத்தாலிக்கு இறங்கினார். கிறிஸ்துமஸ் புளோரன்ஸில், பிறகு ரோம். அரேக்கிஸ் மூத்த மகன் ரோமுவால்தைப் பரிசுகளோடு அனுப்பி, 'மேலே வர வேண்டாம், சொன்னபடி கேட்கிறோம்' என்றார். சார்லமேன் அந்த மகனைப் பிடித்து வைத்துக்கொண்டு கப்புவா வரை வந்துவிட்டார்.

அரேக்கிஸ் பெனவெந்தோவை விட்டுச் சலேர்னோவுக்குப் போனார். பேரம் அங்கிருந்துதான் நடந்தது. முடிவு இது: பன்னிரண்டு பிணையாட்கள், பதின்மூன்றாவதாக இளைய மகன் கிரிமோவால்து, பெருந்தொகை, மக்கள் அனைவரும் விசுவாசப் பிரமாணம். ரோமுவால்து தந்தையிடம் திரும்பினார். சார்லமேன் ஈஸ்டருக்கு ரோம் போய், அங்கிருந்து வடக்கே திரும்பினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சார்லமேன் ஏன் நிற்கவில்லை என்றால், அந்த ஆண்டே பவேரியா விவகாரம் காத்திருந்தது. தெற்கில் மலைகளுக்குள் கோடையைக் கழிப்பது படைக்கு உகந்ததல்ல. சலேர்னோவைப் பிடிக்கக் கப்பல் இல்லை. தாசிலோவின் பவேரியாவுக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. அங்கே பிராங்குகள் மூன்று திசையிலிருந்து நுழைந்தார்கள். ஒதுங்கக் கடலும் இல்லை.

கப்புவாவில் இன்னொரு காரியமும் முறிந்தது. பைசாந்தியத்தின் இளம் பேரரசர் ஆறாம் கான்ஸ்டன்டைனுக்குச் சார்லமேனின் மகள் ரோத்ரூதைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த உறவு 787இல் அறுந்தது. உடனே அரேக்கிஸின் பார்வை கான்ஸ்டான்டிநோபிள் பக்கம் திரும்பியது. பத்ரீசியஸ் என்ற உயர்ந்த பேரரசுப் பட்டமும் நேப்பிள்ஸ் டச்சியும், மைத்துனர் அதெல்கிஸோடு ஒரு படையும் தந்தால், முடியையும் உடையையும் கிரேக்க முறைக்கு மாற்றிக்கொண்டு பேரரசருக்குக் கீழ் இருப்பதாகச் சொன்னாராம். இது ஹாட்ரியனின் கடிதத்திலிருந்து தெரியவருவது. அவர் அரேக்கிஸின் பகைவர், சார்லமேனை உசுப்பிவிடும் நோக்கம் கொண்டவர். ஆனாலும் பொன்னிழை உடை, வாள், சீப்பு, கத்தரிக்கோல் என்று பேரரசின் தூதர்கள் கொண்டுவந்த பொருள்களை இவ்வளவு துல்லியமாக அவர் அடுக்குவதைப் பார்த்தால் முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ள முடியவில்லை.

தூதர்கள் வந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. 787 ஜூலை 21இல் ரோமுவால்து இறந்தார். ஆகஸ்ட் 26இல் அரேக்கிஸும் போய்ச் சேர்ந்தார். வாரிசு சார்லமேனின் பிடியில் பிணையாக இருந்தார்.

கிரிமோவால்துக்கு விதித்தவை

ஆட்சியை அதெல்பெர்கா தாங்கிப் பிடித்தார். மகனை விடுவிக்கச் சொல்லித் தூது மேல் தூது அனுப்பினார். விடக் கூடாது என்று ஹாட்ரியன் எழுதிக்கொண்டே இருந்தார். பைசாந்தியப் படை அதெல்கிஸோடு இறங்கப்போகிறது என்ற செய்தி தராசைச் சாய்த்தது. பெனவெந்தோ அதெல்கிஸின் பக்கம் போய்விடுவதைவிட, தனக்குக் கடன்பட்ட கிரிமோவால்து மேல் என்று 788இல் சார்லமேன் அவரை அனுப்பிவைத்தார். வரலாற்றேடுகள் சொல்லும் நிபந்தனைகள் நான்கு: காசில் சார்லமேனின் பெயர், பட்டயங்களில் சார்லமேனின் பெயர், லொம்பார்டுகளின் தாடியை மழித்தல், சலேர்னோ, அச்செரென்சா, கொன்சா ஆகிய மூன்று ஊர்களின் மதிலை இடித்தல்.

அரேக்கிஸ் எதையெல்லாம் கட்டினாரோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறிவைத்த பட்டியல் அது. தாடி இதில் விளையாட்டுச் சேர்க்கை அல்ல. நீண்ட தாடியால்தான் தம் இனத்துக்குப் பெயர் வந்தது என்பது லொம்பார்டுகளின் சொந்த நம்பிக்கை. ஸ்போலெத்தோக்காரர்கள் ரோமிடம் பணிந்தபோதும் முடியை ரோமானிய முறையில் வெட்டிக்கொண்டார்கள். கான்ஸ்டான்டிநோபிள் சீப்பும் கத்தரிக்கோலும் அனுப்பியதும் அதே அர்த்தத்தில்தான்.

கிரிமோவால்து அந்த ஆண்டே பிராங்குகளோடும் ஸ்போலெத்தோவோடும் சேர்ந்து, கலாப்ரியாப் பகுதியில் தன் தாய்மாமன் அதெல்கிஸின் படையைத் தோற்கடித்தார். சில காலம் காசில் சார்லமேனின் பெயரும் இருந்தது. பிறகு அது காணாமற்போனது. சார்லமேனின் மகன்கள் படையெடுத்தும் ஊர் ஊராகச் சண்டை இழுத்ததே தவிர நாடு விழவில்லை. 806இல் கிரிமோவால்து இறந்த பிறகு ஆட்சிக்கு வந்த, அதே பெயருள்ள நான்காம் கிரிமோவால்து காசு கொடுத்துக் கழித்துவிடுவதே லாபம் என்று கண்டார்: 812இல் 25,000 தங்க சாலிடஸ்; 814இல் சார்லமேனின் மகன் லூயி ஆட்சிக்கு வந்ததும் ஆண்டுக்கு 7,000 என்று குறைத்துப் பேசி முடித்தார்.

அரேக்கிஸின் ஏற்பாட்டில் இருந்த பிழை பிராங்குகள் வழியாக வெளிப்படவில்லை, உள்ளிருந்தே வெளிப்பட்டது. ஊர்களை ஆண்ட கஸ்தால்து எனப்படும் அதிகாரிகள் காலப்போக்கில் பரம்பரைப் பிரபுக்களாக மாறினார்கள். ஒரே நாட்டில் மதில், மாளிகை, மாளிகை ஆலயம் எல்லாம் உள்ள இரண்டு தலைநகரங்கள் அவர்கள் கண்முன் இருந்தன. 839இல் பிரின்செப்ஸ் சிகார்து கொல்லப்பட்டபோது பெனவெந்தோ ராதெல்கிஸைத் தேர்ந்தது. சலேர்னோவோ, சிகார்தின் சகோதரர் சிகோனுல்ஃபைத் தாரந்தோ சிறையிலிருந்து மீட்டுவந்து தனக்கென்று ஒரு பிரின்செப்ஸை ஆக்கிக்கொண்டது. இரு தரப்பும் அரபுக் கூலிப்படைகளை வைத்துப் பத்தாண்டு மோதின. 849இல் சார்லமேன் வம்சத்து இரண்டாம் லூயியின் முன்னிலையில் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கொஞ்ச காலத்தில் கப்புவாவும் தன் வழியைப் பார்த்துக்கொண்டது.